லோகோ போட்ட ஐந்து பாத்திரங்கள்: ஊற்றிக் குடித்துப் பார்த்துச் சொல்கிறேன்

செம்பு மக்கை விட்டுவிடுங்கள். இரட்டைச் சுவர்க் கண்ணாடியை யோசித்து வாங்குங்கள். காப்பிக்கடைக் கோப்பையைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு கிளம்பலாம்; மற்றவர்களுக்கு விவரமாகச் சொல்கிறேன்.

என் அக்கா மகள் சின்னதாக ஒரு நிறுவனம் நடத்துகிறாள். கல்யாணம், அலுவலக விருந்து, அறுபதாம் கல்யாணம் என்று யார் கூப்பிட்டாலும் பந்தலிலிருந்து பந்தி வரை ஏற்பாடு செய்து கொடுப்பார்கள். இந்த ஆண்டு இறுதியில் வாடிக்கையாளர்களுக்குத் தன் லோகோ போட்ட பாத்திரம் ஏதாவது பரிசாகக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. சிங்கப்பூரின் ஊபி வட்டாரத்தில் ஒரு கடையிலிருந்து ஐந்து மாதிரிகளை வரவழைத்து, அப்படியே பெட்டியோடு ஈசூனில் இருக்கும் என் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஹோட்டல் பார்களில் கலந்து கொடுத்தே தலை நரைத்தவன் நான் என்பதால் எனக்கு இந்த மரியாதை.

கடையின் பெயர் வேண்டாம். ஊபி, காக்கி புக்கிட் பக்கத்துத் தொழிற்கூடக் கட்டடங்களில் இப்படி அச்சடித்துக் கொடுப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் காட்டும் பட்டியலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே நான் சொல்வதைக் கடையைப் பற்றியது என்று எடுத்துக்கொள்வதைவிடப் பொருளைப் பற்றியது என்று எடுத்துக்கொள்வது நல்லது.

பெட்டியைத் திறந்ததும் அவள் கண் லோகோவுக்குப் போனது. என் கண் விளிம்புக்கும் கொள்ளளவுக்கும் போனது. "மாமா, லோகோ பெருசா இருந்தாதானே நாலு பேர் பார்ப்பாங்க?" என்றாள். பார்ப்பார்கள்தான். ஆனால் குடிக்க வசதியில்லாத பாத்திரம் இரண்டாம் வாரமே அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும், அங்கே லோகோவைப் பார்க்கப் பல்லிதான் இருக்கும். இந்தப் பட்டியல்களைத் தயாரிக்கிறவர்கள் லோகோவுக்கு எவ்வளவு இடம் கிடைக்கும் என்று பார்த்துப் பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்களே தவிர, அதில் எதை ஊற்றுவார்கள் என்று யோசிப்பதாகத் தெரியவில்லை. அதனால்தான் எல்லாமே அண்டா அளவில் இருக்கிறது.

முதலில் அளந்தோம். பாத்திரத்தைச் சமையலறைத் தராசில் வைத்து, பூஜ்யமாக்கி, தண்ணீர் ஊற்றினால் போதும். ஒரு கிராம் தண்ணீர் ஒரு மில்லி. பட்டியலில் எழுதியிருக்கும் அளவு பெரும்பாலும் விளிம்பு தளும்ப ஊற்றினால் வரும் அளவு. அப்படி யாரும் ஊற்றிக் கொடுப்பதில்லை. மேலே ஒரு விரல் அகலம் விட்டு அளந்து, அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உயரக் கண்ணாடிக் கிளாஸில் ஆரம்பித்தோம். இதைச் சோதிக்க இந்த ஊரில் இருந்துகொண்டு வேறு எதைக் கலப்பது? சிங்கப்பூர் ஸ்லிங்தான். ராஃபிள்ஸ் ஹோட்டலின் லாங் பாரில் 1915ஆம் ஆண்டு வாக்கில் ஙியாம் தோங் பூன் என்ற ஹைனானியர் (சீனாவின் ஹைனான் தீவைச் சேர்ந்தவர்) உருவாக்கியதாகச் சொல்லப்படும் பானம் இது. நாலு பேர் முன்னால் பெண்கள் மது அருந்துவது மரியாதையில்லை என்றிருந்த காலம். பார்வைக்குப் பழச்சாறு மாதிரி இருக்கட்டும் என்று இளஞ்சிவப்பாகக் கலந்தார் என்று சொல்வார்கள். அந்த ஹோட்டல் தன் பெயர் போட்ட ஸ்லிங் கிளாஸைத் தன் கடையிலேயே விற்கிறது. பெயர் போட்ட கிளாஸ் என்றால் அதுதான் எனக்கு இலக்கணம். அந்தப் பானத்துக்கென்றே இருக்கும் கிளாஸ், அதில் வேறு ஒன்றை ஊற்றினாலும் ஸ்லிங் ஞாபகம்தான் வரும்.

இன்று உலகெங்கும் பார்க்காரர்கள் கலக்கும் அளவு இது: ஜின் 30 மில்லி, செர்ரி லிக்கர் 15, குவான்ட்ரோ என்ற ஆரஞ்சு லிக்கர் 7.5, பெனடிக்டீன் என்ற மூலிகை லிக்கர் 7.5, அன்னாசிச் சாறு 120, எலுமிச்சைச் சாறு 15, கிரெனடின் என்ற சிவப்புச் சர்பத் 10, அங்கஸ்துரா பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு ஒரே ஓர் உதறல். கூட்டினால் 205 மில்லி. ஷேக்கரில் பனிக்கட்டி போட்டு வேகமாகக் குலுக்கும்போது கட்டி கரைந்து இன்னும் 40, 50 மில்லி சேரும். ஆக 250 மில்லிக்குக் கிட்ட வருகிறது. கிளாஸில் புதுப் பனிக்கட்டி போட்டு இதை ஊற்றினால், 350 மில்லி கிளாஸ் அழகாக நிறையும். அன்னாசி நுரை விளிம்பைத் தொட்டு நிற்கும். நுரை வேண்டுமானால் ஈரச்சந்தையில் பழம் வாங்கிச் சாறு எடுங்கள். பெட்டிச் சாற்றில் அவ்வளவு நுரை வருவதில்லை.

கடை அனுப்பிய மாதிரி 470 மில்லி. ஸ்லிங் ஊற்றியதும் மேலே கால் பங்கு காலியாக நின்றது. விருந்தாளி பார்த்தால் கஞ்சத்தனம் என்றுதான் நினைப்பார். "இன்னும் கொஞ்சம் ஜூஸ் ஊத்துங்க மாமா" என்றாள். ஊற்றினால் நிறையும்தான், ஆனால் ஜின்னும் செர்ரியும் எங்கே போயின என்று தேட வேண்டியிருக்கும். பட்டியலின் அடுத்த பக்கத்தைத் திருப்பினால் அதே கிளாஸ் 350 மில்லியில் இருக்கிறது, விலை 80 காசு குறைவு. பெரியதை ஏன் அனுப்பினார்கள் என்று கேட்டதற்கு, லோகோ இன்னும் பெரிதாகத் தெரியும் என்று பதில் வந்தது.

லோகோவின் நிறத்தையும் இங்கேதான் கவனித்தோம். அவளுடையது கரு நீலம். வெறும் கிளாஸில் கம்பீரமாக இருந்தது, பின்னால் இளஞ்சிவப்பு ஸ்லிங் வந்ததும் அடிபட்டுக் கன்றிப்போன தோல் மாதிரி ஆகிவிட்டது. கோலா ஊற்றினால் லோகோவே காணோம். கண்ணாடிக்கு வெள்ளை மைதான் நல்லது. மோர், லஸ்ஸி ஊற்றினால் வெள்ளை மறையும், பரவாயில்லை, மற்ற எல்லாவற்றுக்கும் பளிச்சென்று தெரியும். கண்ணாடியில் அச்சடித்துச் சூளையில் சுட்ட மையா, வெறுமனே மேலே ஒட்டிய மையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். விரலால் தடவிப் பார்த்தால் இரண்டுமே மேடாகத்தான் இருக்கும். சுட்டது பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் பிழைக்கும், மற்றது சில மாதங்களில் உரியத் தொடங்கும்.

கிளாஸைப் பற்றி இன்னும் ஒன்று. நம் ஆட்களின் விருந்துகளில் குடிக்கிறவர்களுக்குக் கண்ணாடிக் கிளாஸ், குடிக்காதவர்களுக்குக் காகிதக் கோப்பையில் கோலா என்று ஒரு வழக்கம் இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. மாமியார்களும் முஸ்லிம் நண்பர்களும் காரோட்டிக்கொண்டு போக வேண்டியவர்களும் என்ன குற்றம் செய்தார்கள்? ஸ்லிங்கிலிருந்து மதுவை எடுத்துவிட்டு அன்னாசி, எலுமிச்சை, கிரெனடின் போட்டுக் குலுக்கி, மேலே சோடா விட்டு அதே கிளாஸில் கொடுங்கள். யார் கையில் எது இருக்கிறது என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. கலமான்சி என்ற குட்டி எலுமிச்சையின் சாற்றில் அசாம்போய் (உப்பிட்டு உலர்த்திய பிளம்) போட்டதும் இந்தக் கிளாஸுக்குப் பொருத்தம். பாண்டுங் (ரோஜா சர்பத் கலந்த பால்) ஊற்றிப் பார்த்தோம், அதுவும் அழகு. இதையெல்லாம் அவள் கவனித்துக் குறித்துக்கொண்டாள், தொழிலுக்கு உதவும் என்று.

அடுத்தது செம்பு மக். பெட்டியில் கண்ணைப் பறித்தது இதுதான், விலையும் இதற்குத்தான் அதிகம்: 50 எண்ணம் எடுத்தால் ஒன்று 16 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மாஸ்கோ மியூல் கலந்தேன். வோட்கா 45 மில்லி, எலுமிச்சைச் சாறு 10, இஞ்சி பீர் 120, குலுக்க வேண்டாம், மக்கிலேயே கலந்தால் போதும். இந்த மக்கே ஒரு விளம்பர உத்தியாக வந்ததுதான். 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஸ்மர்னாஃப் வோட்காவை யாரும் சீந்தவில்லை. அதை விற்க வேண்டிய ஜான் மார்ட்டினும், இஞ்சி பீர் தேங்கிப்போய்க் கிடந்த ஜாக் மார்கன் என்ற மதுக்கூடக்காரரும் சேர்ந்து இரண்டையும் ஒன்றாக ஊற்றிச் செம்பு மக்கில் கொடுத்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லும் கதை. சரக்கு விற்றது, மக்கும் நிலைத்துவிட்டது.

குளிர்ந்த பானத்துக்குச் செம்பு அருமைதான். வெப்பத்தைச் சட்டென்று கடத்துவதால் கையில் எடுத்ததுமே சில்லென்று இருக்கும், வெளியே முத்து முத்தாக வியர்க்கும். நம் ஊர் ஈரப்பதத்தில் வியர்வை வழிந்து மேசைத் துணி நனைந்துவிடும், அது தனிக் கதை. கைப்பிடியும் சேர்ந்து குளிர்ந்துபோவது எனக்குப் பிடிக்கவில்லை.

கவனிக்க வேண்டியது மக்கின் உள்பக்கம். செம்பில் தண்ணீர் வைத்துக் குடிப்போம், மோரோ ரசமோ வைக்க மாட்டோம். பித்தளைப் பாத்திரத்தில் சமைக்க வேண்டும் என்றால் வெள்ளீயம் பூசுவார்கள். பாட்டிகளுக்குத் தெரிந்த இந்த விஷயத்தை அமெரிக்காவின் உணவு விதிகள் எண் போட்டுச் சொல்கின்றன: பிஎச் என்ற அமில அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 6க்குக் கீழே இருக்கும் எதையும் செம்பில் நேரடியாகப் படவிடக் கூடாது. எலுமிச்சைச் சாறு 2, 2.5 அளவில் இருக்கும். ஆகவே மாஸ்கோ மியூல் மக்குக்கு உள்ளே எவர்சில்வரோ நிக்கலோ பூசியிருக்க வேண்டும். பட்டியலில் "முழுச் செம்பு" என்று பெருமையாகப் போட்டிருந்தால் அதை வாங்காதீர்கள், அல்லது சுவரில் மாட்ட மட்டும் வாங்குங்கள். எங்களுக்கு வந்த மாதிரி உள்ளே வெள்ளி நிறமாக இருந்தது, எவர்சில்வர் என்று கடைக்காரர் உறுதி சொன்னார். அந்த வகையில் குறையில்லை.

குறை லோகோவில் வந்தது. செம்பு கறுக்காமல் இருக்க வெளியே மெல்லிய அரக்குப் பூச்சு போட்டிருப்பார்கள். லேசர் வைத்து லோகோ செதுக்கும்போது அந்த இடத்தில் பூச்சு போய்விடுகிறது. செம்பு வெளியே தெரிந்தால் காற்றும் ஈரமும் சும்மா விடுமா? மாதிரியைக் கழுவிச் சன்னலோரம் வைத்திருந்தேன். மக் முழுக்கப் பளபளப்பாக இருக்க, லோகோ மட்டும் பழுப்பேறி மங்க ஆரம்பித்தது. புளி போட்டுத் தேய்த்தால் லோகோ பளிச்சிடும், ஆனால் சுற்றியுள்ள பூச்சும் தேயும், பிறகு முழு மக்கும் கறுக்கும். பரிசு வாங்குகிறவர் மாதம் ஒரு முறை புளி கரைத்துக்கொண்டு உட்காருவார் என்று எதிர்பார்க்க முடியாது. வேண்டாம்.

வெற்றிடச் சுவர் எவர்சில்வர் டம்ளர் பற்றி அவளுக்கு ஏற்கெனவே முடிவு இருந்தது. "இதுதான் மாமா டிரெண்ட்" என்றாள். 500 மில்லி, மூடி, மேட் கறுப்புப் பூச்சு, 50 எண்ணத்துக்கு ஒன்று 11 வெள்ளி. ஐந்திலும் லோகோ மிகச் சுத்தமாக வந்தது இதில்தான். மேல்பூச்சை லேசர் எரித்துவிட்டு உள்ளிருக்கும் எவர்சில்வரைக் காட்டுகிறது, மை இல்லை, உரியவும் ஒன்றுமில்லை, கறுக்கவும் ஒன்றுமில்லை. நகத்தால் சுரண்டினேன், கம்பிநாரால் தேய்த்தேன், ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் பானம்? ஹாட் டாடி கலந்தேன். இஞ்சியைத் தட்டிப் போட்டு, கிராம்பு இரண்டு, பட்டை ஒரு துண்டு, தேன், எலுமிச்சை, விஸ்கி 45 மில்லி, வெந்நீர் 150 மில்லி. இந்த 200 மில்லி அந்த 500 மில்லி டம்ளரின் அடியில் கிணற்றுத் தண்ணீராகக் கிடந்தது. சரி, அது கண்ணுக்கு மட்டும்தான் என்று விட்டாலும், மூக்குக்கும் நாக்குக்கும் பிரச்சினை இருக்கிறது. ஜேம்ஸ் டூவர் என்ற விஞ்ஞானி 1892இல் செய்த வெற்றிடக் குடுவையின் வேலை உள்ளே இருக்கும் சூட்டை அப்படியே வைத்திருப்பது. இந்த டம்ளரும் அதே வேலையைக் கடமை தவறாமல் செய்கிறது. 85 பாகை செல்சியஸில் ஊற்றினேன். ஒரு மணி நேரம் கழித்தும் வெப்பமானி 70க்கு மேல் காட்டியது. இவ்வளவு சூட்டை யார் வாயில் வைப்பது? ஹாட் டாடி என்பது கையில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஆறவிட்டு, ஆற ஆறக் குடிக்க வேண்டியது. மதுவின் கொதிநிலை 78 பாகை. அதை ஒட்டிய சூட்டில் மூடி போட்டு வைத்தால் ஆவி மூடிக்குக் கீழே சேர்கிறது. திறந்து வாயருகே கொண்டு போனதும் மூக்கில் சுள்ளென்று ஏறுகிறது. கிராம்பு, பட்டை வாசனை எல்லாம் அதற்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வருகின்றன. மூடியின் ரப்பர் வளையத்தில் இஞ்சி வாசனை பிடித்துக்கொண்டது. மறுநாள் வெறும் தண்ணீர் குடித்தாலும் இஞ்சித் தண்ணீர்தான்.

டம்ளரைக் குளிர்பானத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பொடித்த பனிக்கட்டி போட்ட பானங்கள் இதில் வெகுநேரம் நீர்த்துப்போகாமல் இருக்கின்றன. தே ஓ பெங் (பனிக்கட்டி போட்ட, பாலில்லாத தேநீர்) வாங்கக் காப்பிக்கடைக்கு எடுத்துப் போனால் கடை அங்கிள் ஊற்றியதும் பாதிக்கு மேல் காலியாக நிற்கும், அவரும் சிரிப்பார், நாமும் சிரிக்கலாம். அவளுடைய நண்பர் ஒருவர், மூடி இருப்பதால் இரவில் புளோக் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து குடித்தால் யாருக்கும் தெரியாதே என்றாராம். 2015 ஏப்ரலிலிருந்து இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் மது அருந்தத் தடை இருக்கிறது. மூடி போட்டாலும் சட்டம் சட்டம்தான் என்று அவரிடம் சொல்லச் சொன்னேன்.

இரட்டைச் சுவர்க் கண்ணாடி. இதை வைத்து ஐரிஷ் காப்பி. 1943இல் அயர்லாந்தின் ஃபாய்ன்ஸ் விமானத் தளத்தில், குளிரில் வந்திறங்கிய பயணிகளுக்காக ஜோ ஷெரிடன் என்ற சமையல்காரர் கலந்தது. எங்கள் வீட்டில் குளிர் என்பது ஏர்கானைக் கூட்டினால்தான் உண்டு, இருந்தாலும் மார்கழி மழையில் இந்தப் பானம் நன்றாகத்தான் இருக்கிறது. ஐரிஷ் விஸ்கி 50 மில்லி, சூடான காப்பி 120, சர்க்கரை ஒரு தேக்கரண்டி, மேலே லேசாக அடித்த கிரீம் 50. சர்க்கரை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அது கரைந்து காப்பியின் அடர்த்தியைக் கூட்டினால்தான் கிரீம் மேலே மிதக்கும்.

நான் இதற்குக் கோப்பி ஓ காவ் (பாலில்லாத கடுங்காப்பி) வாங்கி வந்தேன். நம் காப்பிக்கடைத் தூள் ரொபஸ்டா கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் போட்டு வறுத்தது. அந்தக் கருகிய இனிப்பும் கசப்பும் விஸ்கியோடு மல்லுக்கட்டித் தாக்குப்பிடிக்கின்றன. மென்மையான அரபிகா காப்பி விஸ்கிக்குள் மூழ்கிவிடுகிறது. கிரீமை அடிப்பதற்கு முன் கிண்ணத்தையும் ஃபிரிட்ஜில் வையுங்கள், இல்லாவிட்டால் இந்த ஊர் வெப்பத்தில் அது மோராகிவிடும். கரண்டியின் முதுகில் ஊற்றி மெதுவாக இறக்கினேன். கறுப்பும் வெள்ளையும் கோடு போட்டாற்போல நின்றன. வெளிச்சுவர் சுடவில்லை, விளிம்பு மெல்லிசு, குளிர்ந்த கிரீம் வழியாகச் சூடான காப்பி வாய்க்கு வந்தது. குடிக்கிற அனுபவத்தில் மட்டும் பார்த்தால் ஐந்தில் இதற்கு முதலிடம்.

அப்புறம் கழுவினோம். இரண்டு சுவருக்கும் நடுவே எப்படியோ ஈரம் புகுந்து, உள்ளே பனி மூட்டம் போட்டுவிட்டது. இந்தக் கிளாஸ்களில் சிலவற்றுக்கு அடியில் சின்னத் துளை இருக்கும், அதைச் சிலிகான் வைத்து அடைத்திருப்பார்கள். அடைப்பு சரியில்லை என்றால் தண்ணீர் ஏறும், ஏறினால் லேசில் இறங்காது. லோகோவும் மேலே ஒட்டிய மை, பச்சை நார் பட்டதும் ஓரத்தில் பிசிறு. கடைக்குப் படம் எடுத்து அனுப்பினோம். வேறு மாதிரி தருகிறோம் என்றார்கள், தந்தார்கள், அதில் பனி மூட்டவில்லை. 50 பேருக்குக் கொடுத்து அதில் எத்தனை மூடும் என்று யாருக்குத் தெரியும்? வீட்டுக்கு இரண்டு வாங்கி, கையால் கழுவி வைத்துக்கொள்கிறவர்களுக்கு நல்ல கிளாஸ். பரிசுக்கு எனக்குத் துணிவில்லை.

கடைசியில் காப்பிக்கடைக் கோப்பை. தடித்த வெள்ளைப் பீங்கான், சின்னக் கைப்பிடி, அடியில் சாசர். வழக்கமாகப் பச்சைப் பூப் போட்டிருக்கும் இடத்தில் லோகோ. பெட்டியில் மற்றவற்றுக்கு அடியில் கிடந்தது. கடைக்காரர் சும்மா சேர்த்து அனுப்பியது போலத்தான் தெரிந்தது. சாசரோடு 7 வெள்ளி 50 காசு. ஒரு விரல் விட்டு ஊற்றினால் 150 மில்லி.

இதில் சுக்குக் காப்பி போட்டேன். சுக்கும் மல்லியும் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாங்கி நானே இடித்தது, கருப்பட்டியும் அங்கேதான். கொதித்து வந்ததும் வடிகட்டி, கோப்பைக்கு 30 மில்லி கறுப்பு ரம் விட்டேன். கருப்பட்டியும் ரம்மும் ஒரே குலம்போலச் சேர்ந்துகொள்ளும். கரும்புச் சாறு காய்ச்சிய வாசமும் பனஞ்சாறு காய்ச்சிய வாசமும் எங்கோ சந்திக்கின்றன. ஊற்றுவதற்கு முன் கோப்பையை வெந்நீரில் போட்டு எடுப்பது முக்கியம். காப்பிக்கடைக்காரர்கள் செய்வதும் அதுதான். தடித்த பீங்கான் ஒரு முறை சூடேறிவிட்டால் பானத்தின் சூட்டைத் திருடாது, மெதுவாக ஆறவிடும். குளிர்ந்த கோப்பையில் ஊற்றினால் முதல் நிமிடத்திலேயே சூடு சட்டென்று குறைந்துவிடும். சூடு தாங்காதவர்கள் சாசரில் ஊற்றி ஊதிக் குடிக்கலாம். அக்காவுக்கு ரம் இல்லாமல் கொடுத்தேன். சாசரில் ஊற்றித்தான் குடித்தார்.

விளிம்பு தடிமனாக இருக்கிறதே என்று பார் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். ஸ்லிங்குக்கும் விஸ்கி சவருக்கும் தடித்த விளிம்பு ஆகாது, உண்மை. சூடான, மசாலா வாசனையுள்ள, கொஞ்சம் இனிப்பான பானத்துக்கு அது உதட்டுக்கு இதமாக இருக்கிறது. மேலே திறந்த வாய், வாசனை முழுவதும் மூக்குக்கு. ஹாட் டாடியையும் அளவைக் குறைத்து, விஸ்கி 30, வெந்நீர் 100 என்று இதில் கலந்தேன். டம்ளரில் நொண்டிய கிராம்பும் பட்டையும் இங்கே முன்னால் வந்து நின்றன. ஸ்லிங்கைக் கலந்தவர் ஹைனானியர், இந்த ஊர்க் காப்பிக்கடைகளை வளர்த்தவர்களிலும் ஹைனானியர்கள் முக்கியமானவர்கள். என் பட்டியலில் தேறிய இரண்டும் அவர்கள் பக்கத்திலிருந்து வந்தவை என்பது பிறகுதான் உறைத்தது.

கோப்பைக்கு அச்சு எப்படி என்று விசாரித்தோம். பரிசு மக்குகளில் பல பதங்கமாதல் முறையில் அச்சானவை: பாலியெஸ்டர் பூச்சு போட்ட மக்கில் படத்தைச் சுற்றி, 180, 200 பாகைச் சூட்டில் அழுத்தினால் சாயம் பூச்சுக்குள் இறங்கும். புகைப்படம்கூடப் போடலாம், மலிவு, ஆனால் பூச்சு கீறினால் படமும் கீறும். டெக்கால் முறையில் படத்தாளை ஒட்டிச் சூளையில் ஏறக்குறைய 800 பாகையில் சுடுகிறார்கள். நிறம் மெருகோடு சேர்ந்து உருகி ஒட்டிவிடுகிறது. காப்பிக்கடைகளில் வருடக்கணக்கில் அடிபட்ட கோப்பைகளிலும் பச்சைப் பூ இருக்கிறதே, அப்படி. நிறத்துக்கு நிறம் காசு கூடும். ஒரே நிறம் போதும் என்றால் டெக்கால் கேளுங்கள்.

லோகோவை எந்தப் பக்கம் போடுவது என்பதில் எங்களுக்குச் சின்ன வாக்குவாதம். வலது கையில் பிடித்தால் எதிரே இருப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பது அவள் கட்சி. குடிக்கிறவர்தானே வாடிக்கையாளர், அவர் பக்கம் தெரியட்டும் என்றேன். கடைசியில் சாசரின் உள்ளே, கோப்பை உட்காரும் குழியில், சின்னதாகப் போடலாம் என்று ஒத்துக்கொண்டோம். கோப்பையைத் தூக்கும்போதெல்லாம் தெரியும்.

சேவையைப் பற்றி இரண்டு வார்த்தை. வாட்ஸ்அப்பில் கேட்டால் உடனே பதில், மாதிரிக்குக் காசு வாங்கி ஆர்டரில் கழித்துக்கொள்கிறார்கள், இரண்டு வாரத்தில் தருகிறார்கள். எரிச்சல் விலைப்பட்டியலில்தான். நிறத்துக்கான அமைப்புக் கட்டணம் தனி, பொருள்சேவை வரி 9 விழுக்காடு தனி, பெட்டி தனி. 7 வெள்ளி 50 காசுக் கோப்பை இதெல்லாம் சேர்ந்து 10 வெள்ளியைத் தொட்டது. முதல் நாளே முழு விலையை எழுதிக் கேளுங்கள்.

இப்போதைக்கு முடிவு: காப்பிக்கடைக் கோப்பை 60, 350 மில்லி உயரக் கிளாஸ் 40, கிளாஸில் வெள்ளை மை. டம்ளரை அவள் விடுவதாக இல்லை, தன் ஊழியர்களுக்கு என்று சொல்லி 10 சேர்த்துவிட்டாள். பெட்டிக்குள் சுக்குப் பொடியும் கருப்பட்டியும் வைத்துக் கொடுக்கலாம் என்றேன்; அதற்கேற்ற அளவில் பெட்டி இருக்கிறதா என்று கடைக்காரர் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.